யூத சமூக மையம் திறப்பதும் நடத்துவதும்: வாசல், காவல், சமையலறை, அக்கம்பக்கம்

கேள்விக்குறி
2023 அக்டோபரில் டெஸ்ஸாவ், டிசம்பரில் மாக்டபுர்க், 2024 ஜூலையில் பாட்ஸ்டாம். கிழக்கு ஜெர்மனியில் ஒன்பது மாதத்துக்குள் மூன்று ஊர்களில் யூதர்களுக்குப் புது ஜெப ஆலயம் திறந்தாயிற்று. திறப்பு விழாப் படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. அதற்கப்புறம் தினமும் கதவைத் திறந்து மூடி நடத்துவது எப்படி என்றுதான் யாரும் எழுதக் காணோம்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சாதாரண சமுதாயக் கூடத்துக்கும் இதற்கும் கட்டுமானத்தில் என்ன வித்தியாசம்? வாசலில் இவ்வளவு காவல் எதற்கு? யூத வெறுப்பை எதிர்க்கிறோம் என்று அறிக்கை விடுவதைத் தவிர ஊர்க்காரர்கள் உருப்படியாக என்ன செய்யலாம்?

நூலகப்பூனை
காவல் எதற்கு என்பதற்கு மியூனிக் ஒன்றே போதும். 1887இல் கட்டிய பெரிய ஜெப ஆலயத்தை 1938 ஜூனிலேயே ஹிட்லரின் உத்தரவால் இடித்தார்கள். நாடெங்கும் ஆலயங்கள் எரிந்த நவம்பர் இரவுக்கு ஐந்து மாதம் முன்பே அது நடந்துவிட்டது. இடிபாட்டின் ஒரு பகுதி போருக்குப் பின் ஈசார் ஆற்றின் தடுப்பணையைச் செப்பனிடப் போனது. 2023 கோடையில் அணை வேலையின்போது தூண் துண்டுகளும், பத்துக் கட்டளைகள் செதுக்கிய கல்லும் தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வந்தன.

போருக்குப் பின் அந்தச் சமூகம் ரைக்கன்பாக் தெருவில் ஒதுங்கி வாழ்ந்தது. 1970 பிப்ரவரி 13 இரவு அங்கிருந்த கட்டடத்தின் மரப் படிக்கட்டில் எவனோ பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தினான். ஏழு பேர் செத்தார்கள். வழக்கு பல பத்தாண்டுகள் துலங்கவில்லை.

நகரின் நடுவே, யாகோப் சதுக்கத்தில், புதிய மையத்துக்கு அடிக்கல் நாட்ட 2003 நவம்பர் 9 என்று நாள் குறித்தார்கள். விழாவைக் குண்டு வைத்துத் தகர்க்க ஒரு நவநாஜிக் கும்பல் போட்ட திட்டத்தை இரண்டு மாதம் முன்பு போலீஸ் கண்டுபிடித்தது. விழா குறித்த நாளிலேயே நடந்தது. சரியாக மூன்று ஆண்டு கழித்து, 2006 நவம்பர் 9 அன்று ஆலயம் திறந்தது. சமூகத் தலைவி ஷார்லட் க்னோப்லோக் 1932இல் அதே ஊரில் பிறந்தவர். பெட்டியைப் பிரித்துவிட்டேன், இனி இங்குதான் என்ற பொருளில் அவர் பேசியது ஜெர்மனியில் பலருக்கு நினைவிருக்கும்.

ஆலயம், சமூக மையம், நகராட்சியின் யூத அருங்காட்சியகம் என மூன்று கட்டடங்கள் ஒரே சதுக்கத்தில் இருக்கின்றன. மையத்திலிருந்து ஆலயத்துக்குப் போகும் நிலத்தடிப் பாதையில், கொல்லப்பட்ட 4,500க்கும் மேற்பட்ட மியூனிக் யூதர்களின் பெயர்கள் உள்ளன.

செங்கல்சிவா
கட்டுமானத்துக்கு வர்றேன். இந்த வேலையில வெளியிலிருந்து உள்ளே அடுக்கடுக்கா யோசிக்கணும்: தெரு, வேலி, முகப்பு, நுழைவு அறை, உள்ளறை.

தெருவுல முதல் விஷயம் வண்டி. வாகனத் தடுப்புக் குத்துத்தூண்களை 7.2 டன் லாரியை மணிக்கு 48, 64 அல்லது 80 கி.மீ. வேகத்துல மோதவிட்டுச் சோதிச்சுத் தரம் பிரிக்கிறாங்க. எந்த வேகம் வேணும்ங்கறதைத் தெருதான் சொல்லும். நேரா ஓடிவர நீளமான சாலை இருந்தா அதிகம், முக்குத் திரும்பித்தான் வரணும்னா குறைவு. தூணுக்கும் தூணுக்கும் இடைவெளி 1.2 மீட்டருக்கு மேல போகக்கூடாது. பொதுவா சொதப்புறது இங்கதான்: வரைபடத்துல தூணைப் போட்டுட்டுத் தோண்டினா கீழே காஸ் குழாயும் மின் கேபிளும் கிடக்கும். முதல்ல சோதனைக் குழி வெட்டிப் பார்க்காம தூணுக்கு ஆர்டர் குடுக்காதீங்க. ஆழம் கிடைக்கலைன்னா ஆழமில்லாத அகலமான அடித்தளம் உள்ள வகை இருக்கு, விலை கூட. நடைபாதை நகராட்சியோடது. அனுமதிக்கு ஆகுற காலத்தைத் திட்டத்துலயே சேர்த்துடுங்க.

கண்ணாடி: அடுக்குக் கண்ணாடிதான் சரி. பட்ஜெட் இல்லைன்னு பழைய கண்ணாடி மேல பாதுகாப்புப் படலம் ஒட்டுவாங்க. அது பரவாயில்லை, ஆனா படலத்தின் ஓரத்தைச் சட்டத்தோட சேர்த்துப் பிடிக்க வைக்கணும். இல்லாட்டி வெடிப்புல கண்ணாடி தூள் தூளாகாம ஒரே பலகையா உள்ளே பறந்து வரும். அது இன்னும் மோசம்.

நுழைவு அறை: இரண்டு கதவு. ஒண்ணு மூடினாத்தான் இன்னொண்ணு திறக்கும். சக்கர நாற்காலியும் குழந்தைத் தள்ளுவண்டியும் உள்ளே நின்னு கதவு மூடுற நீளம் வேணும். இதை மறந்து கட்டினா ஒவ்வொரு தள்ளுவண்டிக்கும் பூட்டிணைப்பை அணைப்பாங்க, அப்புறம் அது அணைச்சபடியே கிடக்கும்.

தீயணைப்புச் சட்டத்தோட சண்டை இங்க கட்டாயம் வரும். வெளியேறும் கதவு உள்ளேயிருந்து எப்பவும் ஒரே தள்ளலில் திறக்கணும், கரண்ட் போனாலும். ஆகவே உள்பக்கம் தள்ளுகம்பி, வெளிப்பக்கம் கைப்பிடியே கிடையாது. இவ்வளவும் செஞ்சுட்டு, சிகரெட் பிடிக்கப் போறவர் பின்கதவுல ஒரு நாற்காலியைச் சொருகிட்டுப் போனா எல்லாம் வீண். திறந்தே நின்னா அலறுற உணரி வைங்க. நூலகப்பூனை சொன்ன 1970 தீ இன்னொரு பாடம்: படிக்கட்டுல எரியக்கூடிய பொருள் எதுவும் இருக்கக்கூடாது, இரண்டாவது வழி கட்டாயம்.

கேள்விக்குறி
ஜெர்மனியின் ஹாலே நகர ஜெப ஆலயத்தைத் தாக்கியபோது கதவுதான் காப்பாற்றியது என்கிறார்களே, அது மிகைப்படுத்தலா?

செங்கல்சிவா
மிகையில்லை. 2019 அக்டோபர் 9, யோம் கிப்பூர் உபவாச நாள். உள்ளே ஐம்பது பேருக்கு மேல. வாசல்ல போலீஸ் இல்லை. துப்பாக்கியும் வெடிபொருளுமா வந்தவன் சுட்டும் பார்த்தான், வெடியும் வெச்சான், கதவு திறக்கலை. உள்ளே இருந்தவங்க கேமரா திரையில அவனைப் பார்த்துட்டு உள்கதவுக்கு நாற்காலிகளை அண்டக் குடுத்தாங்க. அது உள்ளூர்த் தச்சர் செஞ்ச மரக்கதவு. குண்டுத் துளைகளோட இப்ப நினைவுச்சின்னமா முற்றத்துல நிக்குது.

ஆனா கதை அங்க முடியலை. உள்ளே நுழைய முடியாதவன் தெருவுல போன ஒரு பெண்ணையும், பக்கத்துக் கபாப் கடையில ஓர் இளைஞரையும் கொன்னான். கதவு உறுதியாச்சுன்னா ஆபத்து தெருவுக்கு நகரும். பண்டிகை நாள்ல வாசல்ல நீளமா வரிசை நிக்க விடக்கூடாதுன்னு சொல்றது இதனாலதான். பெயரை முன்கூட்டிப் பதிஞ்சவங்களுக்குத் தனி வரிசை, பை வெச்சிருக்கறவங்களுக்குத் தனி வரிசை, பெரிய பையோட வராதீங்கன்னு முன்னாடியே கடிதம். வரிசை பாதியாகும்.

2025 அக்டோபர் 2, மீண்டும் யோம் கிப்பூர், இங்கிலாந்தின் மான்செஸ்டர்ல ஒரு ஜெப ஆலயம். உள்ளே இருந்தவங்க கதவைக் கையால அழுத்திப் பிடிச்சாங்க, தாக்கினவனால நுழைய முடியலை. அவனை நோக்கி போலீஸ் சுட்ட குண்டு பட்டு, கதவைப் பிடிச்சிருந்தவங்கள்ல ஒருத்தர் இறந்துட்டார். ஆகவே பூட்டு தானா விழுந்து பிடிக்கணும், ஆள் பிடிக்க வேண்டிய நிலையே வரக்கூடாது. பூட்டினதும் கதவுக்கு நேர்க்கோட்டை விட்டு விலகி, சுவர் மறைவுல நிக்கணும். பயிற்சியில இதைச் சொல்லிக்குடுக்காத மையம் நிறைய.

தெருவிளக்கு
எல்லாம் சரி தோழர்களே, இது சமூக மையமா சிறைச்சாலையா? போலந்தில் கிராக்கோவ் மையம் வாசலில் காவல் கெடுபிடி இல்லாமல் திறந்து கிடப்பதற்கே பெயர் பெற்றது. அங்கே முடிகிறது, ஜெர்மனியில் ஏன் முடியாது?

மையின்கரை
தெருவிளக்கு, நல்ல கேள்வி. ஆனால் இரண்டும் வேறு வேறு அமைப்புகள்.

கிராக்கோவில் போருக்கு முன் அறுபதாயிரத்துக்கு மேல் யூதர்கள் இருந்தார்கள். மையம் 2008 ஏப்ரலில் திறந்தது. அன்றைய இளவரசர் சார்லஸ், 2002இல் அங்கு போனபோது கண்ட தேவைக்கு ஆதரவு திரட்டி, திறப்பன்று வாசல் நிலையில் மெசூசாவை (வேத வசனச் சுருள் வைத்த சிறு பேழை) தாமே பொருத்தினார். 2025 ஜனவரி 27 அன்று, அவுஷ்விட்ஸ் நாஜி வதைமுகாம் விடுதலையின் 80ஆம் ஆண்டில், மன்னராக மீண்டும் வந்தார். அங்கே தாத்தா பாட்டிகளில் ஒருவர் யூதராக இருந்தாலே உறுப்பினராகலாம். தாம் யூத வழியினர் என்று ஐம்பது வயதில் தெரிந்துகொண்டவர்கள் நிறைய உள்ள ஊர். வாசலில் நின்று "நீ யார்?" என்று கேட்டால் அவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். திறந்த கதவு அவர்களுக்குச் சித்தாந்தம் இல்லை, வேலை முறை.

ஜெர்மனியில் பெரும்பாலும் இருப்பது கெமைண்டெ, அதாவது ஊர் யூதச் சபை. பொதுச் சட்ட அமைப்பாகப் பதிவானது, உறுப்பினரிடம் வரி வாங்கலாம், பள்ளி, முதியோர் இல்லம், இடுகாடு எல்லாம் நடத்தும். மதச் சட்டப்படி தாய் யூதராக இருக்க வேண்டும் அல்லது முறைப்படி மதம் மாறியிருக்க வேண்டும். 1990களிலிருந்து முன்னாள் சோவியத் நாடுகளிலிருந்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் குடும்பமாக வந்தார்கள். அந்தப் பழைய கடவுச்சீட்டில் தகப்பன் வழியில் "யூதர்" என்று எழுதியிருந்தாலும் கெமைண்டெயில் சேர முடியாது. இன்று சுமார் நூறு சமூகங்களில் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான உறுப்பினர்கள். சேர முடியாத உறவினர் எத்தனையோ பேர். புதிதாக மையம் திறப்பவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது வரைபடம் அல்ல, யாருக்கு இது என்பது. வாக்குரிமை உறுப்பினருக்கு, நிகழ்ச்சிகள் குடும்பத்தார் எல்லோருக்கும் என்று விதியிலேயே எழுதிவிட்டால் பாதிச் சண்டை தீரும்.

உள்ளுக்குள் ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பாட்ஸ்டாமைப் பாருங்கள். கட்டட வடிவத்தைப் பற்றிச் சமூகத்துக்குள்ளேயே பிளவு, பல ஆண்டு இழுபறி. கடைசியில் யூதர்களின் மத்திய நல வாரியம் பொறுப்பை ஏற்றுத்தான் திறக்க முடிந்தது.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கட்டுவதற்கு அரசும் நன்கொடையாளரும் தருவார்கள், கல்லில் பெயர் போடலாம். காவலாளி சம்பளத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஒரே ஒரு காவல் இடத்தை இரவும் பகலும் நிரப்ப வாரத்துக்கு 168 மணி நேரம். 40 மணி நேர வேலையில் வகுத்தால் 4.2 ஆள், விடுப்பும் நோயும் சேர்த்தால் ஐந்துக்கு மேல். சிறிய சமூகத்துக்கு அது ரபி (யூத மதகுரு), சமூகப் பணியாளர் இருவரின் சம்பளத்தையும் விட அதிகம். வெளியே நிற்பது மாநிலப் போலீஸ், உள்ளே நுழைவைப் பார்ப்பது சமூகத்தின் செலவு. ஹாலேவுக்குப் பிறகு மத்திய அரசு 2.2 கோடி யூரோ கூடுதலாகத் தந்தது கதவு, கண்ணாடி, கேமரா போன்றவற்றுக்கு. மாதச் சம்பளத்துக்கு மாநில அரசோடு தனி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாமல் திறப்பு விழா தேதி குறிப்பது பைத்தியக்காரத்தனம்.

அடுப்படி
சிவா அண்ணா ஒரு விஷயத்தை விட்டுட்டீங்க. வெள்ளி சூரியன் மறைஞ்சதும் ஓய்வுநாள் தொடங்கிடும். மரபைக் கடைப்பிடிக்கிறவங்க மின்சாதனத்தைத் தொடமாட்டாங்க. எண் அழுத்துற மின்பூட்டு மட்டும் வெச்சா, அன்னிக்குத்தான் கூட்டமும் அதிகம், அன்னிக்குத்தான் கதவைச் சும்மா சாத்தி வெச்சிருப்பாங்க. அதனால இயந்திரச் சாவியும் வேணும், பொத்தானை அழுத்த யூதர் அல்லாத காவலரும் வேணும். உயிர் காக்க ஓய்வுநாளை மீறலாம்னு மதச் சட்டமே சொல்லுது. ஆகவே பாதுகாப்புப் பொறுப்பாளர் கைபேசியோட இருக்கணும்னு ரபி வாயாலயே முன்கூட்டி அறிவிக்க வைங்க. இல்லாட்டி வயசானவங்க முறைச்சுப் பார்ப்பாங்க, அவர் அணைச்சு வெச்சிடுவார்.

அடுத்து சமையலறை. கோஷர்னா, அதாவது யூத உணவு விதிப்படின்னா, இறைச்சிக்கும் பாலுக்கும் தனித்தனித் தொட்டி, அடுப்பு, பாத்திரம், பாத்திரம் கழுவும் இயந்திரம். இறைச்சிக்குச் சிவப்பு, பாலுக்கு நீலம்னு நிறம் பிரிக்கிறது வழக்கம். கைப்பிடியில மட்டும் இல்லாம அலமாரிக் கதவிலயும் ஒட்டுங்க. இடமோ பணமோ இல்லைன்னா பால் சமையலறை மட்டும் கட்டுங்க. மீன், முட்டை, காய்கறி எல்லாம் அதுல சமைக்கலாம். இறைச்சி விருந்துக்குச் சான்றுள்ள உணவகத்திலிருந்து முத்திரையிட்டு வரவழைக்கலாம். தப்பு நடக்கிறது பெரும்பாலும் தன்னார்வலர் கையால, பால் ஊற்றின கிண்ணத்தை இறைச்சிப் பக்கத்துல சூடு பண்ணிட்டுப் போறது. உலோகப் பாத்திரம்னா 24 மணி நேரம் சும்மா வெச்சு, கொதிநீர்ல முக்கி மீட்கலாம். பீங்கான்னா அவ்வளவுதான். புளிச்ச மாவை விலக்குற பெசாக் பண்டிகைக்கு மூணாவது செட்டு பாத்திரத்துக்குப் பூட்டுள்ள அலமாரி ஒதுக்க மறக்காதீங்க.

சடங்குக் குளமான மிக்வே கட்டுறதா இருந்தா, அஸ்திவாரம் தோண்டும்போதே சொல்லிடணும். மழைநீர் குறைஞ்சது 40 சேயா, அது பழங்கால அளவு. லிட்டர்ல எவ்வளவுன்னு ரபிகளுக்குள்ள கருத்து வேறுபாடு இருக்கு, அதனால ஆயிரம் லிட்டரை ஒட்டி எடுத்துக்குவாங்க. நீர் கூரையிலிருந்து தானா வழிஞ்சு வரணும், பம்பு போட்டா செல்லாது. தொட்டியை வாங்கிட்டு வந்து வெச்சா அது பாத்திரம், அதுவும் செல்லாது. இருக்கிற இடத்துலயே காங்கிரீட் போட்டுக் கட்டணும். முங்குற குளம் பக்கத்துல, அதுல சாதாரணக் குழாய்த் தண்ணி, ரெண்டுக்கும் நடுவுல ஒரு துளை. மழை பொய்ச்சுட்டா ஐஸ் கட்டி கொண்டுவந்து உருக விடலாம், அதுக்கு அனுமதி உண்டு. ஒப்பந்தக்காரர் கசிவைச் சாதாரணமா எடுத்துக்குவார். இங்க கசிவு இருந்தா குளமே செல்லாம போயிடும்.

தெருவிளக்கு
மிக்வே ஐஸ் கட்டி எனக்குப் புதுசு. சரி, எல்லோரும் தவிர்க்கிற கேள்வியைக் கேட்டுவிடுகிறேன். காஸாவில் நடந்ததைக் கண்டித்தால் யூத வெறுப்பு என்று முத்திரை குத்துகிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நூலகப்பூனை
இஸ்ரேல் அரசைக் கண்டிப்பது யூத வெறுப்பு ஆகாது. மற்ற எந்த அரசையும் கண்டிப்பது போலத்தான். எல்லை எங்கே என்பதில்தான் தகராறு. 2016 மே மாதம் சர்வதேச இனப்படுகொலை நினைவுக் கூட்டணி ஏற்றுக்கொண்ட வரையறையில் 11 உதாரணங்கள் உண்டு, அவற்றில் பல இஸ்ரேல் சம்பந்தப்பட்டவை. ஜெர்மனி 2017இல் அதை ஏற்றது. அது பேச்சுரிமையை நெருக்குகிறது என்று கருதிய அறிஞர்கள் 2021 மார்ச்சில் ஜெருசலேம் பிரகடனம் என்று மாற்று ஒன்றை வெளியிட்டார்கள். இரண்டுமே சட்டம் அல்ல, வழிகாட்டி. இரண்டையும் படித்தவர்கள் விவாதிக்கட்டும்.

நம் இழைக்கு வேண்டியது ஒன்று. ஓர் அரசின் செயலுக்குப் பழிவாங்க எங்கோ உள்ள யூதக் குழந்தைகள் பள்ளியைத் தேடிப் போவதை இரண்டு வரையறையும் யூத வெறுப்பு என்றே சொல்கின்றன. 2023 அக்டோபர் 18 அதிகாலை பெர்லினின் புருன்னன் தெருவில் யூதச் சமூக மையம் ஒன்றை நோக்கிப் பெட்ரோல் குண்டு வீசினார்கள். உள்ளே இருப்பது பள்ளியும் ஜெப ஆலயமும். பாட்டில்கள் நடைபாதையில் விழுந்து உடைந்ததால் கட்டடம் தப்பியது.

கேள்விக்குறி
தமிழில் யூத வெறுப்பு இல்லை, நமக்கும் அவர்களுக்கும் என்ன சண்டை என்று சிலர் சொல்வதுண்டு.

நூலகப்பூனை
சண்டை இல்லைதான், சரக்கு உண்டு. இலுமினாட்டி, உலகை ஆளும் பதின்மூன்று குடும்பம், வங்கி எல்லாம் ஒரே இனத்தின் கையில் என்று தமிழ்க் காணொளிகளில் ஓடுவதெல்லாம் ஐரோப்பாவில் அச்சான பழைய யூத வெறுப்புச் சரக்கு, மேலட்டை மட்டும் மாறியது. இலுமினாட்டி என்பது 1776 மே 1 அன்று, பவேரியாவின் இங்கோல்ஷ்டாட்டில் ஆடம் வைஸ்ஹாப்ட் என்ற சட்டப் பேராசிரியர் தொடங்கிய சங்கம். அவர் கத்தோலிக்கராகப் பிறந்தவர். பவேரிய அரசின் தடையால் பத்தே ஆண்டுக்குள் சங்கம் அடங்கிப்போயிற்று. யூதர் கூடி உலகை வளைக்கத் திட்டம் போட்டதாகச் சொல்லும் 'நெறிமுறைகள்' 1903இல் ரஷ்யப் பத்திரிகையில் வந்த போலி. 1921இல் லண்டன் 'டைம்ஸ்', அதன் பத்திகள் பிரெஞ்சு அரசை நையாண்டி செய்த 1864ஆம் ஆண்டு நூலிலிருந்து உருவப்பட்டவை என்று பக்கத்துக்குப் பக்கம் காட்டியது. அந்த நூலில் யூதர் பேச்சே கிடையாது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாதாடுவதைவிட இந்தத் தேதிகளைப் போட்டுவிட்டு வெளியே வருவது மேல்.

மையின்கரை
ஊர்க்காரர்கள் செய்யக்கூடியது என்ன என்ற கேள்வி பாக்கி.

முதலாவது பதிவு. சுவரில் கிறுக்கியிருந்தால் பக்கத்தில் அளவுகோலோ பேனாவோ வைத்துப் படம் எடுங்கள். போலீஸ் பார்த்த பிறகு உடனே துடைக்க ஏற்பாடு செய்யுங்கள். மணற்கல் சுவரில் உயரழுத்தத் தண்ணீர் அடித்தால் எழுத்தின் நிழல் நிரந்தரமாகத் தங்கிவிடும். இணையத்தில் என்றால் முழு முகவரி, கணக்கின் பெயர், தேதி, நேரம் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுங்கள். அதைப் பொதுவில் பகிர்ந்து பரப்ப வேண்டாம். ஜெர்மனியில் இன வெறுப்பைத் தூண்டுவது குற்றவியல் சட்டத்தின் 130ஆம் பிரிவு, போலீஸ் தானாகவே எடுக்க வேண்டிய குற்றம். தனிநபர் அவமதிப்பு அப்படியல்ல, பாதிக்கப்பட்டவர் மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடரக் கோர வேண்டும். இந்தக் கெடு தெரியாமல் கைவிட்டுப் போகும் வழக்குகள் அதிகம்.

குற்றம் அளவுக்குப் போகாததை ரியாஸ் என்ற பதிவு மையத்தில் சொல்லலாம். அதனால்தான் இரண்டு எண்கள் உலவுகின்றன. 2024க்கு போலீஸ் கணக்கு 6,236 குற்றங்கள், ரியாஸ் கணக்கு 8,627 சம்பவங்கள். முந்தைய ஆண்டு போலீஸ் 5,164, ரியாஸ் 4,782. இரண்டையும் கூட்டவும் கூடாது, ஒன்றை வைத்து மற்றதைப் பொய் என்று சொல்லவும் கூடாது. எண்ணும் பொருளே வேறு.

இரண்டாவது, கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மெழுகுவத்தியோடு ஐந்நூறு பேர் சொல்லாமல் வாசலுக்கு வந்தால் காவலருக்கு அது முன்பின் தெரியாத ஐந்நூறு பேர். 2015 பிப்ரவரியில் ஆஸ்லோவில் முஸ்லிம் இளைஞர்கள் ஜெப ஆலயத்தைச் சுற்றிக் கைகோத்து நின்றார்கள். யூதச் சமூகத்தோடு பேசி, ஓய்வுநாள் முடியும் நேரம் பார்த்து வைத்தார்கள். கலந்துரையாடலை வெள்ளி மாலையில் வைத்துவிட்டு "அவர்கள் வரவில்லை" என்று குறை சொல்லாதீர்கள். சமைத்துக் கொண்டுபோகாதீர்கள், அடுப்படி மேலே சொன்ன காரணம்தான். வாசலையும் பள்ளிப் பிள்ளைகளையும் படம் எடுத்துப் போடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் ஏதாவது செய்ய வேண்டும் என்றால் ஜெர்மனி யூதர்களின் மத்திய கவுன்சில் நடத்தும் திட்டம் ஒன்று உண்டு, யூதர்கள் இருவர் இருவராக வகுப்புக்கே வந்து பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொல்வார்கள், கட்டணம் இல்லை.

மூன்றாவது, பக்கத்துக் கட்டடக்காரர். 2024 ஏப்ரல் 5, ஓல்டன்பர்க் ஆலயக் கதவில் நெருப்பு வைத்தபோது அதை அணைத்தது பக்கத்துக் கட்டடப் பராமரிப்பாளர்கள்தான். மையம் திறந்த வாரமே தெருக்காரர்களிடம் அலுவலக எண்ணைக் கொடுத்து, வித்தியாசமாக எதைப் பார்த்தால் யாரை அழைப்பது என்று சொல்லிவைப்பது எந்தக் கேமராவுக்கும் குறைந்ததல்ல.

கேள்விக்குறி
கடைசியாக ஒன்று. மின்னஞ்சலில் வெடிகுண்டு மிரட்டல் வந்தால்? பாதிக்கு மேல் சும்மா மிரட்டல் என்கிறார்களே.

மையின்கரை
2017 தொடக்கத்தில் அமெரிக்காவின் யூதச் சமூக மையங்களுக்கு நூற்றுக்கு மேற்பட்ட மிரட்டல்கள் வந்தன. பெரும்பாலானவை இணையத் தொலைபேசியில் குரலை மாற்றிப் பேசியவை. இஸ்ரேலில் இருந்த ஒரு பதின்வயதுக்காரன் அதற்காகக் கைதானான். ஒரு குண்டும் இல்லை. சேதம் வேறு வகை: நீச்சல் குளத்திலிருந்து ஈரத்தோடு பிள்ளைகள் குளிரில் நின்றார்கள், சில பெற்றோர் மழலையர் பள்ளியிலிருந்து பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள்.

தொலைபேசி என்றால் வைக்காமல் பேச்சை நீட்டி, சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள், பின்னணிச் சத்தம் உட்பட. மின்னஞ்சல் என்றால் அழிக்காமல், யாருக்கும் முன்னனுப்பாமல், போலீஸுக்கு மூலக் கோப்பாகக் கொடுங்கள். தேடுவதற்கு அறையைத் தினம் பார்ப்பவரே சரியான ஆள், எது புதிதாக இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். தொடாமல் சொல்லிவிட்டு விலக வேண்டும். கூடும் இடம் இரண்டாவது வேண்டும், ஒவ்வொரு முறையும் அதே வாகன நிறுத்தத்தில் கூடினால் மிரட்டியவன் அதைத்தான் கவனிக்கிறான். குழந்தைகளுக்குச் சக்கரம் வைத்த தொட்டில் ஒன்றில் நான்கைந்து பேர் போகலாம், போர்வைகள் அதிலேயே மடித்து இருக்கட்டும். பெற்றோருக்குப் போக வேண்டிய குறுஞ்செய்தியை இன்றே எழுதி வையுங்கள்: எந்த இடத்தில் பிள்ளையை எடுத்துக்கொள்வது, யார் கையெழுத்துப் போட்டால் விடுவோம், மறுநாள் எத்தனை மணிக்குத் திறப்போம்.